தோள்பட்டை வலியும் மனச்சுமையும்

நம் வணிகப் பெருமக்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் முதலில் கேட்டுக்கொள்வது வியாபாரம் எப்படி என்பது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களாக இருந்தால் அடுத்த கேள்வி உடம்பு எப்படி என்பதுதான். சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் அடுத்தபடியாக நம் காதில் அதிகம் விழும் புகார் தோள்பட்டை வலி. ஷட்டரை ஏற்ற முடியவில்லை, மேல் தட்டில் இருக்கும் சரக்கை எட்டி எடுக்க முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, சட்டை மாட்டக்கூட வீட்டில் ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு விந்தை உண்டு. ஒரே வயது, ஒரே வேலை, ஏறக்குறைய ஒரே அடி. ஒருவர் இரண்டு மாதத்தில் பழையபடி மூட்டைக்குக் கை கொடுக்கிறார். இன்னொருவர் மூன்று வருடம் கழித்தும் எண்ணெய்ப் பாட்டிலும் மாத்திரை அட்டையுமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். காரணம் எலும்பிலும் தசையிலும் மட்டும் இருந்தால் இவ்வளவு வித்தியாசம் வரக்கூடாது. மீதிக் காரணத்தில் ஒரு பெரும் பங்கு மனத்தில் இருக்கிறது என்று கடந்த முப்பது, நாற்பது ஆண்டு ஆராய்ச்சிகள் சொல்லி வருகின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மனம் என்றதும் சிலருக்குக் கோபம் வரும். "அப்படியானால் என் வலி பொய்யா? நான் நடிக்கிறேனா?" என்பார்கள். அப்படி யாரும் சொல்லவில்லை. வலி நூற்றுக்கு நூறு உண்மை. அந்த வலி எத்தனை நாள் தங்கும், எவ்வளவு வேலையைக் கெடுக்கும் என்பதில் மனத்தின் கை இருக்கிறது என்பதே பேச்சு. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறந்தால் நோயாளிக்கும் கெடுதல், அவரிடம் வேலை வாங்குகிற முதலாளிக்கும் கெடுதல்.

தோளின் அமைப்பு

இடுப்பு மூட்டு உரலுக்குள் உட்கார்ந்த குழவி போல ஆழமாகப் பொருந்தியிருக்கும். தோள் மூட்டு அப்படியல்ல. சிறிய தட்டின் மேல் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்தது போன்ற அமைப்பு. தட்டு சிறியது, பழம் பெரியது. அதனால்தான் கையை முன்னும் பின்னும் மேலும் கீழும் இப்படிச் சுழற்ற முடிகிறது. பழம் தட்டிலிருந்து நழுவாமல் நான்கு சிறு தசைகள் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வயது ஏற ஏற இவற்றின் நார்கள் தேயும், கொஞ்சம் கிழியும். தலைமுடி நரைப்பது போல இதுவும் ஒரு நரை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சும்மா சொல்லவில்லை. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தோளில் எந்த வலியும் இல்லாத 40 முதல் 70 வயது வரையிலான 51 ஆண்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 49 பேருக்குத் தோளில் ஏதாவது ஒரு மாறுதல் தெரிந்தது. தேய்மானம், தடிப்பு, சிறு கிழிசல் என்று பல வகை. ஒருவருக்கும் வலி இல்லை. இவர்களில் யாராவது ஒருவருக்கு மறுவாரம் வலி வந்து, அந்த ஸ்கேன் சீட்டையும் கையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "நார் கிழிந்துவிட்டதாம்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, கையை அசைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

இங்கிலாந்தில் இன்னொரு சோதனை நடந்து 2018இல் முடிவுகள் வெளியாயின. தோளில் எலும்பின் ஒரு பகுதியைச் சீவி இடம் உண்டாக்கும் அறுவைச் சிகிச்சை அந்நாட்டில் வெகுவாக நடந்து வந்தது. 32 மருத்துவமனைகளில் 313 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான ஆபரேஷன். இன்னொரு பிரிவுக்குத் தோலில் துளையிட்டுக் குழாய்க் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, எலும்பைத் தொடாமலே மூடிவிட்டார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், உண்மை ஆபரேஷனுக்கும் ஒப்புக்கு நடந்த ஆபரேஷனுக்கும் பலனில் வித்தியாசமே இல்லை. ஒன்றும் செய்யாதவர்களை விட இரு பிரிவினரும் கொஞ்சம் மேலாக இருந்தார்கள். ஆனால் பெரிதாகச் சொல்லும்படி இல்லை. எல்லாத் தோள் ஆபரேஷனும் வீண் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். விபத்தில் நார் முழுக்க அறுந்தவருக்கு அது தேவைப்படலாம். ஆனால் படத்தில் தெரிவதற்கும் தோளில் வலிப்பதற்கும் நேர்க்கணக்கு கிடையாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

வலி எப்படி உண்டாகிறது?

வலியை நாம் சாபம் என்று நினைக்கிறோம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்ட் வேறு விதமாக நினைத்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அதுவரை பலரும் நம்பியிருந்தனர். வலி தெரியாத காரணத்தால் அவர்கள் சூட்டிலும் காயத்திலும் கையை விட்டு, நாளடைவில் விரல்களை இழக்கிறார்கள் என்பதை அவர் அங்கே கண்டறிந்தார். வலி ஒரு காவலாளி என்பதே அவருடைய முடிவு. கடைக்குப் பொருத்தும் திருட்டு அலாரம் போல என்று நாம் வைத்துக்கொள்வோம்.

அலாரம் ஒழுங்காக வேலை செய்யும்வரை நல்லது. சில நேரம் அதன் திருகு அளவுக்கு மீறி முறுக்கப்பட்டுவிடும். அப்போது திருடன் வந்தாலும் அலறும், எலி ஓடினாலும் அலறும், காற்றில் காகிதம் பறந்தாலும் அலறும். நாட்பட்ட வலியில் நடப்பது இதுதான். அடிபட்ட இடம் ஆறிய பிறகும் தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள நரம்புகள் கூர்மையாகிவிடுகின்றன. இலேசான அசைவைக்கூட அவை ஆபத்து என்று அறிவிக்கின்றன. பூட்டுக்குப் பெயர்போன ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பூட்டு பழுதானால் கதவை உடைத்துப் பயனில்லை. பூட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் பணியாற்றும் நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரனின் சோதனை உலகப் புகழ் பெற்றது. கை துண்டிக்கப்பட்டவர்களில் பலர், இல்லாத கை வலிப்பதாகச் சொல்வார்கள். 1990களில் அவர் ஒரு சாதாரணக் கண்ணாடியைப் பெட்டிக்குள் நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். நல்ல கையை அசைத்தபோது, இல்லாத கை அசைவது போலக் கண்ணுக்குத் தெரிந்தது. சிலருக்கு வலி குறைந்தது. கையே இல்லாத இடத்தில் வலி இருக்க முடியும், ஒரு கண்ணாடியால் அது குறையவும் முடியும் என்றால், வலியைக் கணக்குப் பார்த்து எழுதுகிற பேரேடு மூளையில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலிப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் 1946இல் எழுதிய ஒரு செய்தியும் இங்கே பொருந்தும். பலத்த காயம் பட்ட போர்வீரர்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டபோது, நாலில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்களாம். போர்முனையிலிருந்து உயிரோடு தப்பினோம், இனி வீட்டுக்குப் போகலாம் என்கிற நினைப்பு அவர்களுக்கு. அதே அளவு காயம் ஊரில் ஒரு விபத்தில் பட்டிருந்தால், வேலை போகுமே, வீடு என்னாகுமே என்கிற கவலையோடு வலியும் பெரிதாகியிருக்கும் என்று அவர் கருதினார்.

1965இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் தண்டுவடத்தில் ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவைத் திறக்கவும் சாத்தவும் மேலேயிருந்து மூளையும் உத்தரவு அனுப்புகிறது. விற்பனை வரிக் காலத்துச் செக்போஸ்ட்டை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். லாரி அதே லாரி, சரக்கும் அதே சரக்கு. செக்போஸ்ட்டில் அன்றைக்கு யார் இருக்கிறார், மேலிடத்திலிருந்து என்ன உத்தரவு வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே லாரி நிற்பதும் போவதும். பயமும் கவலையும் தூக்கமின்மையும் கதவைத் திறந்துவிடும். நிம்மதியும் நம்பிக்கையும் வேறு காரியத்தில் ஈடுபாடும் அதைச் சாத்தும். பிற்காலத்தில் அந்த விளக்கத்தில் பல திருத்தங்கள் வந்தன. மேலிருந்து உத்தரவு வருகிறது என்ற அடிப்படை மாறவில்லை.

நாள்பட நாள்பட

வெங்காயப் பேட்டையில் கமிஷன் மண்டி வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கற்பனை மனிதர்தான். படிக்கும்போது உங்களுக்கு யாராவது நினைவுக்கு வந்தால் அதற்கு நாம் பொறுப்பல்ல.

ஒரு நாள் ஆள் வராததால் அவரே மூட்டைக்குக் கை கொடுத்தார். தோளில் சுரீர் என்றது. முதல் இரண்டு வாரம் வலிக்கு முழுக் காரணம் அடிதான். எண்ணெய் தடவினார், சுளுக்கு எடுத்தார், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டார். இதுவரை எல்லோருக்கும் நடப்பதே.

இதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. யாரோ ஒருவர், "என் மைத்துனருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது, கடைசியில் கை விளங்காமலே போய்விட்டது" என்றார். மனத்தில் ஒரு முள் விழுந்தது. கையைத் தூக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ கிழிகிறது என்று எண்ணத் தொடங்கினார். கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார். வீட்டிலும் அன்பின் பெயரால் எல்லா வேலையையும் பறித்துக்கொண்டார்கள். தண்ணீர்ச் செம்பைக்கூட எடுக்க விடவில்லை. ஆறு வாரத்தில் தசை மெலிந்தது, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு இறுகியது. அசைக்காததால் இறுக்கம், இறுக்கத்தால் வலி, வலியால் பயம், பயத்தால் மேலும் அசைக்காமை. செக்குமாடு சுற்றுவது போல அதே இடத்தில் சுற்றத் தொடங்கினார். இந்தச் சுற்றை 1980களிலிருந்தே ஆராய்ச்சியாளர்கள் விவரித்து வருகிறார்கள். 'பயமும் தவிர்ப்பும்' என்று நாம் அதற்குப் பெயர் சொல்லலாம்.

மூன்று மாதம் தாண்டிய வலியை மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்ற கணக்கில் சேர்க்கிறார்கள். பொதுவாகத் திசுக்கள் ஆறுவதற்குப் போதுமான காலம் அது. அதற்கு மேலும் வலி நின்றால் அலாரத்தின் திருகையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் மண்டிக்காரருக்கு இந்தக் கட்டத்தில் தூக்கம் கெட்டது. தோள் வலி இரவில்தான் அதிகம் படுத்தும். தூக்கம் குறைந்தால் மறுநாள் வலி தாங்கும் சக்தியும் குறையும் என்பது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. மண்டிக்குப் போவது குறைந்தது. மகன் கணக்கைப் பார்த்துக்கொண்டான். வெளியூர்ப் பாக்கியை வசூலிக்கப் போகவில்லை. பாக்கி நின்றது, பாங்க் வட்டி நிற்கவில்லை. அந்தக் கவலையில் கழுத்தும் தோளும் தன்னையறியாமல் விறைத்தன. மனக்கவலை வந்தால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தசை இறுகும் என்பது கருவி வைத்து அளந்து பார்க்கப்பட்ட விஷயம்.

ஒரு வருடத்தில் அவர் பேச்சு மாறியது. "இனிமேல் இப்படித்தான், என்னால் ஆகாது" என்றார். கல்யாணம் காட்சிக்குப் போவதில்லை. சங்கக் கூட்டத்துக்கும் வருவதில்லை. வலியை விட இந்த ஒதுங்கல்தான் அவரை அதிகம் தின்றது என்பது நம் கருத்து.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், தோள் வலிக்காகப் பிசியோதெரபி செய்துகொள்ள வந்த 1030 பேரை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். வயது, தொழில், வலியின் கடுமை, பரிசோதனையில் தெரிந்தவை, மனநிலை என்று 71 அம்சங்களைக் குறித்துக்கொண்டு, யார் தேறினார்கள், எது அதை முன்கூட்டிக் காட்டியது என்று பார்த்தார்கள். தோளை அழுத்தியும் திருப்பியும் செய்த பரிசோதனைகளை விட இரண்டு மன அம்சங்கள் முன்னுக்கு வந்து நின்றன. ஒன்று, இந்தச் சிகிச்சையால் குணமாவோம் என்ற எதிர்பார்ப்பு. இரண்டாவது, வலி இருந்தாலும் என் காரியத்தை என்னால் பார்த்துக்கொள்ள முடியும் என்ற தன்னம்பிக்கை.

இதில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. தொடக்கத்தில் வலியும் இயலாமையும் அதிகம், ஆனால் தன்னம்பிக்கையும் அதிகம் என்றிருந்தவர்கள், வலி குறைவு, தன்னம்பிக்கையும் குறைவு என்றிருந்தவர்களுக்குச் சமமாகவே ஆறு மாதத்தில் தேறியிருந்தார்கள். முதல் குறைவானாலும் நாணயம் இருக்கிற வியாபாரி கடையை நடத்திவிடுவதைப் பார்த்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

2018இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் இது தொடர்பாக வெளிவந்திருந்த 27 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 11,176 நோயாளிகள். தன்னம்பிக்கை, தாங்கும் திறன், குணமாவோம் என்ற எதிர்பார்ப்பு ஆகியவை உள்ளவர்களிடம் வலியும் இயலாமையும் குறைவாகக் காணப்பட்டன. மனச்சோர்வு, பதற்றம், அசைத்தால் கெட்டுவிடும் என்ற பயம், எதையும் மிக மோசமாகவே கற்பனை செய்யும் பழக்கம் ஆகியவை உள்ளவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டன. ஆனால் அந்தச் சான்றுகளின் தரம் மிகவும் தாழ்ந்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். சேர்ந்திருப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நெடுநாள் வலித்தால் யாருக்கும் மனம் சோரும்தானே! இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

இனி, இந்த 'மிக மோசமாகக் கற்பனை செய்யும் பழக்கம்' எப்படிப்பட்டது என்று அறிந்துகொள்ள வேண்டும். 1995இல் கனடாவில் இதை அளக்க 13 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் தயாரித்தார்கள். அதில் மூன்று கூறுகள் உண்டு. வலியைப் பற்றியே ஓயாமல் நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று. ஏதோ பெரிய ஆபத்து வரப்போகிறது என்று ஊதிப் பெரிதாக்குவது இன்னொன்று. என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிடுவது மூன்றாவது. சந்தை கொஞ்சம் இறங்கியதும் கடையையே மூடிவிட வேண்டியதுதான் என்று பேசுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அதே குணம் தோளிலும் வேலை செய்கிறது.

சர்க்கரையை மறக்க வேண்டாம்

மனத்தைப் பற்றிப் பேசும்போது உடம்பை விட்டுவிடக்கூடாது. தோள் மூட்டின் உறை இறுகிக் கை முழுவதுமாகப் பூட்டிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. 1934இல் காட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் அதற்கு 'உறைந்த தோள்' என்று பெயர் வைத்தார். சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இது வருகிறது. மற்றவர்களை விட இது பல மடங்கு. 2023இல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். கல்லாவில் காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்து, வடையும் டீயுமாகக் காலம் தள்ளுகிற நம்மில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் இருப்போம் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே கை இறுகினால் சர்க்கரையைப் பரிசோதிப்பது முதல் வேலை. ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர், தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால் சில நாள் அளவு ஏறும் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இந்த நோய் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் படிப்படியாக இளகும். முதலில் வலி கூடும், பிறகு வலி குறைந்து இறுக்கம் நிற்கும், அதன்பின் மெல்ல விடும். இது தெரியாதவர் மூன்றாம் மாதமே நம்பிக்கை இழந்து ஐந்து டாக்டரை மாற்றுகிறார். தெரிந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சியைத் தொடர்கிறார். வேறு எந்த வித்தியாசமும் இல்லை என்றாலும் இது ஒன்றே போதும்.

வேறொரு எச்சரிக்கையும் உண்டு. இடது தோளிலோ கையிலோ திடீரென்று வலி வந்து, கூடவே நெஞ்சு அடைப்பும் வியர்வையும் மூச்சு வாங்குதலும் இருந்தால் அது தோள் வலி அல்ல, இதயமாக இருக்கலாம். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் உடனே 108க்கு அழைக்க வேண்டும். விழுந்து அடிபட்டபின் கையை அறவே தூக்க முடியாமல் போனாலும், காய்ச்சலோடு தோள் வீங்கினாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் தாமதம் கூடாது. மனத்தைப் பற்றிய பேச்செல்லாம் இவை இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான்.

செய்யக்கூடியது என்ன?

முதலில் ஒரு டாக்டரிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: "கையை அசைத்தால் ஏதாவது கெட்டுப்போகுமா?" பெரும்பாலோருக்கு "கெடாது" என்ற பதில்தான் வரும். அந்த ஒரு வார்த்தை பாதி மருந்து. வலிப்பது வேறு, சேதமாவது வேறு என்பது மனத்தில் பதிந்துவிட்டால் செக்குமாட்டின் நுகம் அவிழத் தொடங்கும்.

அடுத்தது பயிற்சி. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசல் போல ஆட்டுவது, சுவரில் விரல்களால் பல்லி ஏறுவது போல ஏற்றுவது, ஒரு குச்சியை இரு கையாலும் பிடித்து நல்ல கையால் மற்றதை மேலே தள்ளுவது ஆகியவை எல்லாம் கடையிலேயே செய்யக்கூடியவை. எதை எவ்வளவு என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். இதில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. வலி இல்லாத நாளில் ஒரேயடியாக இருபது மூட்டையைப் புரட்டுவார்கள். மறுநாள் வலி கண்டதும் பத்து நாள் படுத்துக்கொள்வார்கள். சிட்டு வைத்துச் செய்யுங்கள். நேற்று சுவரில் எந்த உயரம் ஏறியது என்று பென்சிலால் கோடு போடுங்கள். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்றைக்கு இத்தனை தடவை என்பது கணக்கு. தினச்சீட்டு கட்டுவது போல, சிறுகச் சிறுகத்தான் ஏறும். ஒரு மாதம் கழித்துக் கோடு ஒரு சாண் மேலே போயிருப்பதைப் பார்க்கும்போது வருகிற தெம்பு எந்த மாத்திரையிலும் வராது. மேலே சொன்ன தன்னம்பிக்கை இப்படித்தான் வளருகிறது. உபதேசத்தால் வளருவதில்லை.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. வலி மாத்திரைகளை மாதக் கணக்கில் சொந்தமாக வாங்கிப் போட்டுக்கொள்வது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும், பிரஷரையும் ஏற்றும். நம் சங்கத்தில் மருந்து வணிகர்களும் இருக்கிறார்கள். அவர்களே இதை நமக்கு எடுத்துச் சொல்வார்கள் என்று நம்புகிறோம்.

தூக்கத்துக்கு வலிக்கும் கையின் கீழ் ஒரு சிறு தலையணை வைத்து மல்லாந்து படுத்துப் பாருங்கள். இரவு பதினோரு மணிக்குப் பாக்கிக் கணக்கைப் பார்ப்பதைக் காலைக்கு மாற்றுங்கள். செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு பில் போடும் பழக்கத்தை விடுங்கள்.

வீட்டாருக்கும் ஒன்று. நோயாளியிடமிருந்து எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். "இப்போது வலி எப்படி இருக்கிறது?" என்று மணிக்கு ஒருமுறை கேட்பதை விட, "இன்றைக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்பது நல்லது.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பு இல்லை, மனம் எப்போதும் கனத்தே இருக்கிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்கிற காலம் போய்விட்டது. மனச்சோர்வைக் குணப்படுத்தினால் தோளின் வேலையும் எளிதாகும். 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் என்ற அரசின் இலவச மனநல ஆலோசனை 2022 முதல் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல் கல்லூரியும் ஒன்று. மாநில அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. கடையை விட்டு நகர முடியாத நம் சிறு வணிகர்களில் பலர் இதைக் கேட்டுப் பெறுவதில்லை.

நம்மிடம் வேலை செய்பவர்கள்

இதுவரை முதலாளியின் தோளைப் பற்றியே பேசினோம். பேட்டையிலும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலும் மூட்டை சுமக்கிறவர்களின் தோள், பூட்டுப் பட்டறையில் நாள் முழுக்க அரம் பிடிக்கிறவர்களின் தோள், ஜவுளிக்கடையில் துணியை விரித்து விரித்து மடிக்கும் பெண்களின் தோள் ஆகியவை எல்லாம் நம் தோளை விட அதிகம் படுகின்றன. வேலைப் பளு அதிகமாகவும், அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதில் தன் சொல்லுக்கு இடமில்லாமலும் இருக்கிறவர்களிடம் கழுத்து, தோள் வலி கூடுதலாகக் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. மேலே இருப்பவரின் ஆதரவு இருக்கிறதா என்பதும் கணக்கில் வருகிறது.

மனம் ஒரு காரணம் என்று இங்கே எழுதியதை எடுத்துக்கொண்டு, "உனக்கு எல்லாம் மனசுதான், போய் மூட்டையைத் தூக்கு" என்று யாரும் ஆளிடம் சொல்லிவிடக்கூடாது. நம்பாத முதலாளியிடம் தன் வலியை நிரூபிக்க வேண்டிய நிலை வந்தால், அந்த ஆள் வலியை விடாமல் பிடித்துக்கொள்ளவே வேண்டியிருக்கும். நாளைக்குக் கூலி உண்டா என்ற பயமும் சேர்ந்துகொண்டால் அலாரத்தின் திருகு இன்னும் இறுகும். ஓர் ஆள் தோள் வலி என்றால் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்புவதும் சரியல்ல. வேலையும் கூலியும் போனவரிடம் மிஞ்சுவது வலி மட்டுமே. எடை போடும் இடத்திலோ, சீட்டு எழுதும் இடத்திலோ, சில்லறைப் பொட்டலம் கட்டும் இடத்திலோ சில வாரம் வைத்துக்கொண்டு, படிப்படியாகப் பழைய வேலைக்குத் திருப்பலாம். என்றைக்கு எவ்வளவு என்று அவரையும் கேட்டுக்கொண்டு முடிவு செய்தால் பாதிப் பயம் அங்கேயே தீரும்.

பெரிய மூட்டையைச் சிறிதாக்குவது, உயரத் தட்டில் கனமான சரக்கை வைக்காமல் இடுப்பு மட்டத்துக்கு இறக்குவது, ஒரு தள்ளுவண்டி வாங்கிப் போடுவது ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, பழகிய ஆள் ஒருவரை இழப்பதை விடக் குறைவே. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தம் சொல்கிறது. அந்த ஸ்டூலைப் போடும்போது, துணி மடிக்கும் மேசையின் உயரம் ஊழியரின் முழங்கை மட்டத்துக்கு வருகிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடலாம்.